தென்காசிக்குத் தனி எண் ஏன் இல்லை? அரசுப் புள்ளிவிவரம் திறந்திருப்பது பற்றி

கேள்வி இதுதான். தென்காசி மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண்களோடு வேலை செய்யும் ஒரு சிறு தொண்டு அமைப்பில் இருக்கிறீர்கள். ரத்தசோகை குறித்துத் திட்ட அறிக்கை எழுத மாவட்ட எண் வேண்டும். எங்கே தேடினாலும் திருநெல்வேலியின் எண்தான் வருகிறது. "எல்லாம் இணையத்தில் திறந்து கிடக்கிறது என்கிறார்கள், நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்குத் தனி டாஷ்போர்டே இருக்கிறது என்கிறார்கள். எங்கள் மாவட்டத்து எண் மட்டும் ஏன் இல்லை? திறந்த தரவு என்பது யாருக்காக?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் தேடும் எண்ணை யாரும் மறைத்து வைக்கவில்லை. அந்த எண் கணக்கிடப்படவே இல்லை. ஏன் என்று புரிந்துகொண்டால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். அதனால் முதலில் ரத்தசோகையையே பார்ப்போம்.

பெண்களின் ரத்தசோகைக்கு மாவட்ட அளவில் எல்லோரும் எடுத்தாள்வது தேசியக் குடும்பநல ஆய்வின் 5ஆம் சுற்று, 2019–21. அது நாடு முழுக்க 707 மாவட்டங்களுக்கு எண் தந்தது. அந்த 707 என்பது 2017 மார்ச் 31 அன்று இருந்த மாவட்டங்களின் பட்டியல். தமிழ்நாட்டில் அன்று 32 மாவட்டங்கள். தென்காசி உருவானது 2019 நவம்பர் 22இல். ஆய்வுக் குழு தமிழ்நாட்டில் களம் இறங்கியது 2020 ஜனவரியில். ஆக, சங்கரன்கோவில் பக்கம் ஒரு வீட்டுக் கதவை அவர்கள் தட்டியபோது அந்த வீடு தென்காசி மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனால் எந்தெந்த ஊரில் எத்தனை வீடு என்ற மாதிரி, திருநெல்வேலி ஒரே மாவட்டம் என்ற கணக்கில் முன்பே வகுக்கப்பட்டுவிட்டது. கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை எல்லாவற்றுக்கும் இதே நிலைதான்.

சரி, மூலத் தரவை எடுத்து நாமே தென்காசியைப் பிரித்துப் பார்க்க முடியாதா? முயலலாம். இந்த ஆய்வின் வீடுவாரித் தரவு, பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு, ஆராய்ச்சிக்குக் கிடைக்கிறது. எந்த ஊர்த் தொகுப்பில் எடுத்தார்கள் என்பதற்கு அட்சரேகை, தீர்க்கரேகைகூட உண்டு. ஆனால் அந்தப் புள்ளிகளை வேண்டுமென்றே இடம் மாற்றித்தான் வெளியிடுகிறார்கள்: நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் வரை. ஒரு சிற்றூரில் இருபது முப்பது வீட்டில் கேட்ட அந்தரங்கமான விஷயங்கள் இவை. யார் வீடு என்று பக்கத்து ஊர்க்காரர் கண்டுபிடித்துவிடக் கூடாது. இந்த நகர்த்தலை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் அதன் விளைவாக, இரு மாவட்ட எல்லையோரத்து ஊர்கள் எந்தப் பக்கம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் எண்ணிக்கை. தமிழ்நாடு முழுக்க 27,929 வீடுகளில்தான் ஆய்வு நடந்தது. மாவட்டத்துக்குச் சராசரியாக 900க்கும் குறைவு, பெண்கள் சுமார் 800 பேர். திருநெல்வேலியின் அந்த 800ஐயும் பிளந்தால், தென்காசிக்கு மிஞ்சுவதை வைத்து எழுதும் சதவீதம் மிகவும் தளர்வாக இருக்கும்.

எவ்வளவு தளர்வு என்று பார்ப்போம். 800 பெண்களை வைத்து "பாதிப்பேருக்கு ரத்தசோகை" என்று சொன்னால், ஒரே ஊர்த் தொகுப்பில் பலரை எடுப்பதையும் கணக்கில் சேர்த்து, உண்மை அந்த எண்ணுக்கு இருபுறமும் ஏறத்தாழ 4 சதவீதப் புள்ளி வரை விலகியிருக்கலாம். முழு மாவட்டத்துக்கே இதுதான் நிலை. 51 சதவீத மாவட்டம் 54 சதவீத மாவட்டத்தைவிட மேல் என்று தரவரிசை போட்டு ஆட்சியர் கூட்டத்தில் காட்டும்போது, அந்த வரிசைக்குப் பெரும்பாலும் பொருளே கிடையாது. மாவட்டத் தகவல் தாளில் சதவீதம் இருக்கிறது. அதன் பக்கத்தில் "இத்தனை புள்ளி முன்னே பின்னே" என்ற எண் இல்லை. அந்த ஓர் எண்ணைச் சேர்த்தாலே வீண் பெருமையும் வீண் பழியும் பெருமளவு குறையும்.

உங்கள் வேலைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று. பீடி சுற்றும் பெண்களுக்கு மட்டும் தனியே பார்க்கலாமா? இந்த ஆய்வில் பெண்களிடம் தொழில் பற்றிய கேள்விகள் சுமார் 15 சதவீத வீடுகளில் மட்டும்தான் கேட்கப்படுகின்றன. மாநில அளவில் ஒரு படம் கிடைக்கும். மாவட்டத்தில் ஒரு தொழிலுக்கு என்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது. 2015இல் ஐ.நா. ஏற்ற 17 இலக்குகளில், 17ஆவதன் கீழ் 18ஆம் உட்பிரிவு சொல்வதே இதைத்தான்: வருமானம், பாலினம், வயது, இனம், புலம்பெயர்ந்த நிலை, மாற்றுத்திறன், இருப்பிடம் என்று பிரித்துப் பார்க்கத்தக்க தரமான தரவை 2020க்குள் பெருக்க வேண்டும் என்று. "யாரையும் விட்டுவிட மாட்டோம்" என்ற வாக்குறுதி அந்தப் பிரிப்பில்தான் உயிரோடு இருக்கிறது. பீடி சுற்றும் பெண் எந்தக் கட்டத்திலும் வராவிட்டால், அவள் பின்தங்கினாளா இல்லையா என்று எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்து, எண் எப்படிப் பிறந்தது என்பது. 2015–16இல் நடந்த 4ஆம் சுற்றுக் குடும்பநல ஆய்வு, 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 58.6 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது. அதை அடுத்து 2016–18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம் என்றது. ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே காலம், ஏறத்தாழ 18 புள்ளி இடைவெளி. அரசியல் மேடையில் யார் வேண்டுமானாலும் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முறை வேறு. குடும்பநல ஆய்வு விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டு ரத்தத்தைக் களத்திலேயே சிறு கருவியில் பார்த்தது. ஊட்டச்சத்து ஆய்வு நரம்பில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியது. வயது வரம்பும் வேறு. ரத்தசோகை மிகுந்திருக்கும் 6 முதல் 11 மாதக் குழந்தைகள் இரண்டாவதில் இல்லை. இந்த விவரங்கள் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்ததால்தான் ஆய்வாளர்கள் சண்டையை விட்டுவிட்டு முறையைப் பற்றிப் பேச முடிந்தது. பின்னர் 6ஆம் சுற்றில் விரல்குத்துச் சோதனையே கைவிடப்பட்டது. ரத்தசோகையை நரம்பு ரத்தம் எடுத்துத் தனி ஆய்வாகப் பார்ப்பது என்று முடிவானது. மருத்துவ ரீதியில் அந்த முடிவுக்கு நியாயம் உண்டு. உங்களுக்கு அதன் பொருள், பழைய எண்ணோடு புதியதை வைத்து "கூடியது, குறைந்தது" என்று எழுத முடியாது என்பது. திட்ட அறிக்கையில் இதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

இந்த ஒரு எண்ணிலிருந்தே, திறந்த புள்ளிவிவரம் என்றால் எனக்கு என்ன பொருள் என்று சொல்லிவிடலாம். அறிக்கை இணையத்தில் ஏறிவிட்டால் அது வெளியீடு. அந்த எண்ணை யாரிடமிருந்து வாங்கினார்களோ அவர்கள் வாழும் இடத்தின் அளவுக்கு இறக்கிப் பார்க்க முடிந்தால், எப்படி அளந்தார்கள் என்பதும் கூடவே கிடைத்தால், அப்போதுதான் அது திறப்பு. நம் நாட்டில் தரவு மேலே போகும் பாதை நன்றாகவே போடப்பட்டிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து டெல்லிக்கு, டெல்லியிலிருந்து நியூயார்க்குக்கு. திரும்பி வரும் பாதைதான் பல இடங்களில் இல்லை.

உரிமை என்ற அளவில் இது புதிய கோரிக்கையும் இல்லை. ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 1994இல் அரசுப் புள்ளிவிவரத்துக்குப் பத்து அடிப்படைக் கோட்பாடுகளை வகுத்தது. 2014 ஜனவரியில் பொதுச்சபை அவற்றை ஏற்றது. 2016இல் இந்திய அமைச்சரவையும் ஏற்றுக்கொண்டது. முதல் கோட்பாடே பொதுத் தகவலுக்குக் குடிமக்களுக்கு உள்ள உரிமையை மதித்து, பாரபட்சமின்றி வெளியிட வேண்டும் என்பது. ஆறாவது, தனிநபர் விவரம் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும், புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்பது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் 1948இன் 15ஆம் பிரிவுப்படி கணக்கெடுப்புப் படிவத்தை யாரும் பார்க்கக் கேட்க முடியாது, பெரும்பாலான வழக்குகளில் சாட்சியமாகவும் காட்ட முடியாது. வீட்டுக்காரர் தயங்காமல் பதில் சொல்வது அந்த நம்பிக்கையில்தான். திறந்த தரவு வேண்டும் என்று கேட்பவர்கள்தான் இந்தப் பிரிவை முதலில் காப்பாற்ற வேண்டும்.

நடந்திருக்கும் நல்லதையும் சொல்ல வேண்டும். தேசிய மாதிரி ஆய்வின் வீடுவாரித் தரவைக் காசு கொடுத்து சிடியில் வாங்கிய காலம் இருந்தது. இன்று பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தரவுப் பகிர்வுக்கான தேசியக் கொள்கை 2012இல் வந்தது. அரசுத் திறந்த தரவு உரிமம் 2017இல் வந்ததால், எடுத்தவர் மறுபடி வெளியிடலாமா என்ற குழப்பம் தீர்ந்தது. 2024 ஜூன் 29, மகாலனோபிஸ் பிறந்தநாளான புள்ளியியல் நாளில், மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் இ-சாங்க்யிகி தளத்தைத் தொடங்கியது. பல வருடத் தொடர்களை ஒரே இடத்தில் எடுக்க முடிவது, பிடிஎஃப் பிடிஎஃபாகத் தோண்டியவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது தெரியும்.

ஆனால் குடும்பநல ஆய்வின் வீடுவாரித் தரவு எங்கே இருந்தது? அமெரிக்க உதவி நிறுவனத்தின் நிதியில் நடந்த டிஹெச்எஸ் என்ற பன்னாட்டுத் திட்டத்தின் தளத்தில். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா அந்த நிதியை நிறுத்தியபோது திட்டம் முடங்கியது. புதிதாக அனுமதி கேட்டவர்களுக்கு வழி அடைபட்டது. நம் ஊர்ப் பெண்கள் ரத்தம் கொடுத்து உருவான தரவைப் பெற, வாஷிங்டனில் எடுக்கும் ஒரு முடிவுக்காக நம் மாணவர்கள் காத்திருக்கும் நிலை இருக்கக் கூடாது. அதன் முழுப் பிரதி, அதே இரகசியக் காப்போடு, இந்தியாவில் ஒரு பொது நிறுவனத்தில் இருக்க வேண்டும்.

எல்லை மாறும் சிக்கலுக்கு வருவோம், ஏனென்றால் அதற்குத் தீர்வு உண்டு. தென்காசியின் 2011 மக்கள்தொகை சுமார் 14 லட்சம் என்று எங்கும் காண்பீர்கள். 2011இல் இல்லாத மாவட்டத்துக்கு 2011 எண் எப்படி வந்தது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிராமவாரியாக வெளியிடப்பட்டது. புதிய எல்லைக்குள் வரும் கிராமங்களையும் ஊர்களையும் எடுத்து மறுபடி கூட்டினால் போதும். கடையநல்லூர், திருவேங்கடம் தாலுகாக்கள்கூட அன்று இல்லை, அதனால் தாலுகா அட்டவணையை வைத்துக் கூட்டியிருந்தால் தவறியிருக்கும். கிராமம் என்ற சிறு அலகு இருந்ததால்தான் பிழைத்தோம். அதனால்தான் சொல்கிறேன்: சிறிய அலகில் வெளியிட்ட தரவு எத்தனை மாவட்டம் பிரித்தாலும் உயிரோடு இருக்கும். மாவட்டச் சராசரியாக மட்டும் வெளியிட்டது, அரசாணை வந்த அன்றே பழசாகிவிடும்.

இப்படிக் கூட்ட ஒரு முன்நிபந்தனை உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் மாறாத குறியீட்டு எண் வேண்டும். பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் எல்ஜிடி கோடு அதற்காகவே இருக்கிறது. ஆனால் ஒரு துறையின் கோப்பைத் திறந்தால் ஆங்கிலத்தில் டூட்டிகொரின் என்று இருக்கும். இன்னொன்றில் தூத்துக்குடி, அதிலும் ஒரு கே-யா இரண்டு கே-யா என்று ஆளுக்கொரு எழுத்து. கன்னியாகுமரிக்கும் விழுப்புரத்துக்கும் அதே கதை. மாவட்டமே இப்படி என்றால் மேலநீலிதநல்லூர் ஒன்றியத்துக் குக்கிராமப் பெயர்களை யோசித்துப் பாருங்கள். ஊட்டச்சத்துக் கோப்பையும் குடிநீர்க் கோப்பையும் பள்ளிக் கோப்பையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரு ஆய்வாளர் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி இந்தப் பெயர்ப் பொருத்தத்துக்கே போகிறது. எல்லாத் துறைக் கோப்பிலும் எல்ஜிடி கோடு என்று ஒரு நெடுவரிசை சேர்த்தால், பெரிய செலவில்லாமல் இது தீரும். டாஷ்போர்டில் வண்ண வரைபடம் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

குடிநீருக்கு ஒரு சொல். 6ஆம் இலக்கைப் பற்றி யாராவது 96 சதவீதம் என்று சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். 5ஆம் சுற்றுக் குடும்பநல ஆய்வில் "மேம்பட்ட குடிநீர் ஆதாரம்" உள்ள வீடுகளில் வாழ்வோர் இந்திய அளவில் 95.9 சதவீதம். அந்த வரையறையில் ஆழ்துளைக் கிணறு சேர்ந்தது, டேங்கர் லாரித் தண்ணீர் சேர்ந்தது, பாட்டில் தண்ணீரும் சேர்ந்தது. மாதம் முழுக்க கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் வீடும் அந்த 96க்குள் இருக்கிறது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு வேறு: வீட்டுக்குள் குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், குறித்த தரத்தில், தொடர்ந்து. ஐ.நா. வரையறை மூன்றாவது: வீட்டு வளாகத்திலேயே, வேண்டும்போது, மாசில்லாமல். மூன்றும் தவறில்லை, மூன்றும் வேறு வேறு கேள்விக்கான விடை. வரையறை அடிக்குறிப்பில் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதால் பஞ்சாயத்துத் தலைவருக்கு அது போய்ச் சேர்வதே இல்லை. வரையறைகளையாவது நல்ல தமிழில் வெளியிடுங்கள் என்று மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறையிடம் நாம் எல்லோரும் கேட்க வேண்டும்.

காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐக் கணக்குநாளாக வைத்து 2025 ஜூனில்தான் அறிவிக்கப்பட்டது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளி வரம்பான சுமார் 81 கோடி, 2011 மக்கள்தொகையை வைத்துப் போட்டது. அதற்குப் பின் கூடிய மக்கள்தொகைக்கு அந்த வரம்பில் இடமில்லை. எல்லோருக்கும் ரேஷன் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் இருப்பதால் இங்கே வலி அவ்வளவாகத் தெரியவில்லை. மற்ற மாநிலங்களில் அது தட்டில் விழாத சோறு.

தாமதத்தைவிட எனக்கு அதிகம் கவலை தருவது, முடிந்த கணக்கை நிறுத்தி வைப்பது. 2017–18 தொழிலாளர் ஆய்வு அறிக்கை வெளிவராமல் நின்றபோது 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் இரு உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். தேர்தல் முடிந்தபின் மே 31 அன்று அறிக்கை வந்தது, வேலையின்மை 6.1 சதவீதம். அதே 2017–18க்கான நுகர்வுச் செலவு ஆய்வைத் தரவின் தரத்தைக் காரணம் காட்டி வெளியிடுவதில்லை என்று அரசு 2019 நவம்பரில் அறிவித்தது. அடுத்த ஆய்வு 2022–23க்குத்தான். 2011–12க்கும் 2022–23க்கும் இடையே பதினோரு ஆண்டு, வறுமையை நேரடியாக அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. வறுமை ஒழிப்பு முதல் இலக்கு என்று கையெழுத்திட்ட நாடு இது. தரத்தில் ஐயம் இருந்தால் அந்த ஐயத்தையும் சேர்த்து வெளியிட்டிருக்க வேண்டும். குறையுள்ள தரவிலிருந்து எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று சொல்ல நாட்டில் ஆட்கள் இருந்தார்கள். வெளியீட்டு நாளை முன்கூட்டியே அறிவித்து, எண் எப்படி வந்தாலும் அந்த நாளில் வெளியிடுவது என்ற வழக்கம்தான் இதற்கு மருந்து. 2025 முதல் தொழிலாளர் ஆய்வு மாதாமாதம் குறித்த நாளில் வருகிறது. அந்த ஒழுங்கு எல்லா ஆய்வுக்கும் பரவட்டும்.

திறந்த தரவால் ஒரு குடும்பத்துக்குக் கையில் என்ன வரும் என்று உங்கள் அமைப்பில் யாராவது கேட்டால் பயிர்க் காப்பீட்டைச் சொல்லுங்கள். பயிர் அறுவடைப் பரிசோதனையை நீங்கள் பார்த்திருக்கலாம். குலுக்கல் முறையில் சர்வே எண் தேர்வாகும். அந்த வயலுக்குள் குலுக்கலில் வந்த அடிக்கணக்கின்படி உள்ளே போய் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். 25 சதுர மீட்டரில் கிடைத்ததை 400ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேர் மகசூல். 12 கிலோ கிடைத்தால் 4,800 கிலோ. ஈரப்பதத்துக்கு ஒரு கழிவு. தமிழ்நாட்டில் நெல்லுக்கு வருவாய் கிராமமே காப்பீட்டு அலகு. ஆக, ஒரு கிராமத்தில் நாலு வயலில் கட்டிய அந்தக் கயிறுதான் அந்தக் கிராமத்தில் பிரீமியம் கட்டிய எல்லா விவசாயிக்கும் இழப்பீடு உண்டா இல்லையா என்று முடிவு செய்கிறது.

கணக்கு இப்படிப் போகும். கடந்த ஏழு ஆண்டில் நல்ல ஐந்து ஆண்டின் சராசரி மகசூலை, அறிவித்த இழப்பீட்டு விகிதத்தால் பெருக்கினால் வருவது உத்தரவாத மகசூல். உதாரணத்துக்கு அது 4,000 கிலோ என்று வையுங்கள். இந்த ஆண்டுப் பரிசோதனையின் சராசரி 3,000 என்றால், குறைந்த கால் பங்குக்கு, அதாவது காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் வரும். 4,000க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் கிடையாது. பக்கத்துக் கிராமத்துக்குப் பணம் வந்து தன் கிராமத்துக்கு வராதபோது விவசாயி கேட்கும் கேள்விக்கு வங்கியிலும் விடை இல்லை, வேளாண் விரிவாக்க மையத்திலும் இல்லை. அந்த நாலு எடை, ஏழு ஆண்டு மகசூல், இழப்பீட்டு விகிதம், இவை ஒரே ஒரு பக்கத்தில் அடங்கும். அறுவடை முடிந்ததும் கிராமவாரியாக அந்தப் பக்கத்தை வெளியிட்டால், நில உரிமையாளர் பெயரே தேவையில்லை, யாருடைய அந்தரங்கமும் போகாது. வறுமை, பசி, பருவநிலை என்று மூன்று இலக்கைத் தொடும் தரவு அது. என்னைக் கேட்டால் மாவட்ட அளவில் முதலில் திறக்க வேண்டியது இதைத்தான்.

தரவரிசைக் குறியீடுகளைப் பற்றிச் சுருக்கமாக. நீடித்த வளர்ச்சி இலக்குகளில் மாநிலங்களுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட்டு நிதி ஆயோக் 2024 ஜூலையில் வெளியிட்ட பட்டியலில் கேரளமும் உத்தராகண்டும் 79, தமிழ்நாடு 78. மாநிலங்களுக்குள் போட்டியைத் தூண்ட அது பயன்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் 78 என்ற எண்ணை வைத்துக் கடையம் ஒன்றியத்தில் எந்த ஊரில் எதைச் செய்வது என்று யாரும் முடிவு செய்ய முடியாது. ஒன்பது கருப்பொருளில் பஞ்சாயத்துவாரியாக மதிப்பிடும் பஞ்சாயத்து முன்னேற்றக் குறியீடு 2025 ஏப்ரலில் வந்தது. அலகு சரியானது, வரவேற்கிறேன். அதிலும் இறுதி மதிப்பெண்ணைவிட, அதற்குள் போன ஒவ்வொரு விவரமும் கிராம சபையில் வாசிக்கப்படுவதுதான் முக்கியம். "நம் பஞ்சாயத்தில் குழாய் இணைப்பு இத்தனை" என்று வாசித்தால், "எங்கள் தெருவில் இல்லையே" என்று எழுந்து சொல்ல அங்கே ஆள் இருக்கும். அதைவிடச் சிறந்த தரச் சோதனை கிடையாது.

இனி உங்கள் வேலை. ரத்தசோகைக்குத் தென்காசியில் இன்று எட்டக்கூடியது கர்ப்பிணிகளின் தரவு. பிக்மி என்ற தமிழ்நாடு அரசின் கர்ப்பிணிகள் பதிவின் வழியே கர்ப்பிணிகளின் ஹீமோகுளோபின் அளவு சுகாதார நிலையவாரியாகப் பதிவாகிறது; மாதாந்திர சுகாதார மேலாண்மை அறிக்கையில் 11 கிராமுக்குக் கீழ், 7 கிராமுக்குக் கீழ் என்று எண்ணிக்கை போகிறது. இது கர்ப்பிணிகளை மட்டும், அதுவும் சோதனைக்கு வந்தவர்களை மட்டும் காட்டும். 15 முதல் 49 வயதுப் பெண்கள் அனைவருக்குமான எண்ணாக, அதாவது தமிழ்நாட்டுக்கு 53.4 சதவீதம் என்று குடும்பநல ஆய்வு சொன்னதைப் போல, இதை எழுதிவிடாதீர்கள்.

முதலில் மாவட்டச் சுகாதார அலுவலரை நேரில் பார்த்துக் கேளுங்கள். பல நேரம் அதுவே போதும். தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். "ரத்தசோகை விவரம் தருக" என்று எழுதினால் ஒரு பத்தி விளக்கமும் மேல்முறையீட்டு முகவரியும்தான் வரும். கட்டம் போட்டுக் கேளுங்கள்: ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர், அது இருக்கும் ஒன்றியம், மாதம், சோதிக்கப்பட்ட கர்ப்பிணிகள், 11க்குக் கீழ் இருந்தவர்கள், 7க்குக் கீழ் இருந்தவர்கள், கடந்த மூன்று ஆண்டுக்கு. பெயரோ பதிவெண்ணோ வேண்டாம் என்று தெளிவாக எழுதுங்கள். மறுக்க ஒரு காரணம் குறையும். கணினியில் இருக்கும் தகவலை மின்னணு வடிவில் பெற 2(j) பிரிவில் உரிமை உண்டு, கேட்ட வடிவில் தர வேண்டும் என்பது 7(9). இரண்டையும் குறிப்பிட்டு எக்செல் கோப்பாகக் கேளுங்கள். ஸ்கேன் செய்த காகிதம் வந்தால் மறுபடி தட்டச்சு செய்வதிலேயே உங்கள் ஆட்களின் வாரங்கள் கரையும்.

பீடி சுற்றும் பெண்களுக்கு அரசுத் தரவு எதுவும் உதவாது என்பதால் நீங்களே சோதனை முகாம் நடத்துவீர்கள். அப்போது கர்ப்பிணிக்கு 11, மற்றப் பெண்களுக்கு 12 என்ற அதே வரம்பை வைத்துக்கொள்ளுங்கள். விரல்குத்தா நரம்பு ரத்தமா, எந்தக் கருவி, எந்த ஊர், எல்ஜிடி கோடு என்ன என்று தாளின் தலையிலேயே எழுதுங்கள். முகாமுக்கு வந்தவர்கள் எத்தனை, வராதவர்கள் எத்தனை என்பதையும் எழுதுங்கள்; உடம்புக்கு முடியாதவர்கள் அதிகம் வந்தால் எண் உயர்ந்துதான் தெரியும். முடிவை ஒன்றிய அளவில் வெளியிடுங்கள். பத்துப் பேருக்கும் குறைவான குழுவுக்குத் தனி எண் போட வேண்டாம். அந்தந்த ஊருக்கானதை அந்தந்த ஊர்ப் பெண்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள். மனுவுக்குப் பதிலாகக் கோப்பு வந்ததும் பத்து ஒன்றியத்துக்கும் எப்படிக் கூட்டுவது என்று கேட்டால், படிப்படியாக எழுதித் தருகிறேன்.